காட்மாண்டுக் காரியாலயம் குறித்து எங்கள் நிலைப்பாடு

தெற்காசியப் பிராந்தியக் கூட்டுறவுச் சங்கம் என்று விரித்துச் சொல்லப்படுவதும், சார்க் என்று சுருக்கி அழைக்கப்படுவதுமான எட்டு தேசங்களின் ஸ்தாபனத்துக்குக் காட்மாண்டு நகரில் ஒரு தலைமைக் காரியாலயம் இருக்கிறது. தேசத் தலைவர்களின் மாநாடு கூடினாலும் கூடாவிட்டாலும், வேளாண்மை சம்பந்தமான காரியங்களைத் தன் பொறுப்பிலேயே தொடங்கி நடத்தும் அதிகாரம் அந்தக் காரியாலயத்துக்கு அளிக்கப்படவேண்டும் என்பது, பரளச்சி வட்டாரத்து மானாவாரி விவசாயிகளாகிய எங்கள் சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம். கரிசல் காட்டில் மல்லியும் மிளகாயும் விதைத்துவிட்டு ஐப்பசி மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நேபாளத்துக் காரியாலயத்தைப் பற்றி என்ன பேச்சு என்று எங்கள் ஊரிலேயே சிலர் நகைக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் சமாதானமாகவும் இவ்வறிக்கை அமையட்டும்.

மக்காச்சோளத்தின் குருத்துக்குள் புகுந்து அதைச் சல்லடையாக்கிவிடும் படைப்புழு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி 2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்துச் சிவமொக்காவில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் காடுகளை அழித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் இலங்கையையும் வங்கதேசத்தையும் எட்டி, மறு ஆண்டில் நேபாளத்திலும் காலூன்றியது. ஆப்பிரிக்காவுக்கும் சிவமொக்காவுக்கும் இடையில் இரண்டு வருஷ அவகாசம் இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். சார்க்கின் வேளாண்மை நிலையம் 1989 முதலே டாக்காவில் இயங்கிவருகிறது. அதில் கற்றறிந்த விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். ஆயினும் பரளச்சிக் காடுகளுக்கு முதலில் வந்து சேர்ந்தது புழுதான். எச்சரிக்கைத் துண்டுப் பிரசுரம் பிறகே வந்தது. எட்டு தேசத்துப் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகளையும் உடனே கூட்டி, ஒரு தேசத்தில் கண்டதை மறு தேசத்துக்கு மறுநாளே தெரிவிக்கச் செய்யும் கடமையும் அதற்குரிய அதிகாரமும் ஒருவரிடத்தும் ஒப்படைக்கப்படாததே இதற்குக் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இந்த ஸ்தாபனம் பிறந்த கதையைச் சற்றே நினைவுகூர்வது தகும். ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து எங்கள் விருதுநகர் மாவட்டம் பிரிந்த அதே 1985ஆம் ஆண்டின் டிசம்பர் 8ஆம் தேதி, ஏழு தேசத் தலைவர்கள் டாக்காவில் கூடிச் சாசனத்தில் ஒப்பமிட்டார்கள்; எட்டாவதான ஆப்கானிஸ்தான் 2007இல் வந்து சேர்ந்தது. காரியாலயம் அமைப்பதற்கான உடன்படிக்கை 1986 நவம்பரில் பெங்களூர் மாநாட்டின்போது கையெழுத்தாயிற்று. 1987 ஜனவரி 16ஆம் தேதி நேபாள மன்னர் பீரேந்திரர் அதைத் திறந்துவைக்க, வங்கதேசத்து அபுல் அஹ்சன் முதல் பொதுக் காரியதரிசியாகப் பதவியேற்றார். தேசங்களின் பெயர் வரிசைப்படி மூன்று வருஷத்துக்கு ஒருவராகக் காரியதரிசிகள் மாறிமாறி வருகிறார்கள். பொதுக் காரியதரிசிக்குக் கீழே தேசத்துக்கு ஒருவராக இயக்குநர்கள் அமர்கிறார்கள். அவர்களுக்கு விதிக்கப்பட்ட பணியோ, பிறர் எடுத்த முடிவுகளை ஒருங்கிணைப்பதும், நிறைவேற்றத்தைக் கவனித்துவருவதும், கூட்டங்களுக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்வதுமேயாகும். முடிவு எதுவானாலும் எல்லா மட்டத்திலும் ஏகமனதாகவே எடுக்கப்படவேண்டும் என்பது சாசனத்தின் விதி. ஆகவே ஒரு தேசம் முகம் திருப்பிக்கொண்டால் மற்ற ஏழும் கைகட்டி நிற்கவேண்டியதுதான்.

தலைவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையேனும் சந்திக்கவேண்டும் என்று அதே சாசனம் சொல்கிறது. 2014 நவம்பரில் காட்மாண்டுவில் நடந்த பதினெட்டாவது மாநாட்டுக்குப் பிறகு அவர்களுடைய மாநாடு கூடவே இல்லை. 2016இல் இஸ்லாமாபாதில் நடப்பதாக இருந்த மாநாடு, உரி ராணுவ முகாம் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து நின்றுபோயிற்று. இந்திய சர்க்கார் அன்று கலந்துகொள்ள மறுத்ததில் நாங்கள் குற்றம் காணவில்லை. வீரர்கள் மாண்ட துக்கத்தின் நடுவே விருந்துக்குப் போவது எந்தத் தேசத்துக்கும் அழகாகாது. மாநாடு நின்றால் அதனோடு சேர்ந்து பயிர்க் காரியமும் ஏன் மந்தமாகவேண்டும் என்பதுதான் எங்கள் வினா. எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் ஊர்ப் பெரியவர்களுக்குள் மனஸ்தாபம் முற்றிப் பேச்சுவார்த்தையே அற்றுப்போன வருஷங்கள் உண்டு. அப்போதும் நீர்ப்பாய்ச்சி என்னும் பணியாளர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையைத் திறந்து, கடைமடை வரை தண்ணீர் பாய்ச்சிவிட்டுத்தான் திரும்புவார். யாருடைய உத்தரவையும் அவர் அன்றன்று கேட்டு நிற்பதில்லை; அந்த உரிமை அவருடைய வேலையோடு சேர்ந்தே வந்தது.

காரியாலயத்துக்கு இத்தகைய உரிமை அளிப்பது நடவாத காரியம் என்பாருக்கு ஒரு திருஷ்டாந்தம் கூறுவோம். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை ஸ்தாபனத்தின் கீழ், பாலைவன வெட்டுக்கிளியைத் தடுப்பதற்கென்று 1964 முதல் ஒரு கமிஷன் இயங்குகிறது. இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் ஆகிய நான்கும் அதன் அங்கத்தினர்கள். இதன் பயனாக, இந்திய, பாகிஸ்தான் வெட்டுக்கிளி அதிகாரிகள் ராஜஸ்தானத்து முனாபாவிலும் எல்லைக்கு அப்பாலுள்ள கோக்ராபாரிலும் ஜூன் முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்துத் தகவல் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்துவந்தது. வெட்டுக்கிளிக் கூட்டம் பெருகி வந்த 2020இல், இரு தேசங்களின் உறவு மிகவும் கெட்டிருந்த நிலையிலும், அதிகாரிகள் காணொலி வழியே பேசிக்கொண்டார்கள். வெட்டுக்கிளிக்குக் கிடைத்த மரியாதை படைப்புழுவுக்கும் கிடைக்கட்டும் என்று கேட்பது பேராசையன்று.

தானிய விஷயத்திலும் எழுத்துக்குக் குறைவில்லை; செயல்தான் இல்லை. உணவுப் பாதுகாப்புக் கையிருப்பு என்று 1987இல் ஓர் உடன்படிக்கை. அது பயன்படவில்லை என்று கண்டு 2007இல் உணவு வங்கி என்று மற்றோர் உடன்படிக்கை. 2011இல் மாலத்தீவின் அட்டு மாநாட்டில் விதை வங்கிக்கு ஓர் உடன்படிக்கை. குதிரைவாலியும் கம்பும் பொய்த்த மழைக்குத் தாக்குப்பிடிக்கும் பயிர்கள். இத்தகைய விதைகளைக் கைம்மாற்றாகக் கொடுத்து வாங்கும் ஏற்பாடு இலங்கையின் உலர் வலயத்துக்கும் எங்களுக்கும் ஒருசேர நன்மை தருவது. ஆனால் இந்த வங்கிகளில் கிடங்கும் சரக்கும் அந்தந்தத் தேசத்தின் வசமே இருக்க, எழுத்து வேலை மாத்திரம் காரியாலயத்தின் பங்காகிறது.

சார்க்கை மறந்துவிடுங்கள், வங்காள விரிகுடா தேசங்களின் பிம்ஸ்டெக் இருக்கிறதே என்று டெல்லியில் சொல்பவர் பலர். 1997இல் பாங்காக்கில் பிறந்து, 2014இல் டாக்காவில் காரியாலயம் திறந்து, 2022இல்தான் சாசனம் கண்ட அந்த ஸ்தாபனத்துக்கும் நாங்கள் நல்வரவே கூறுகிறோம். மியான்மரிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் உளுந்துதான் எங்கள் உளுந்தின் விலையைத் தள்ளிவிடுகிறது. மியான்மர் அமர்ந்திருக்கும் சபை எங்களுக்கு அவசியமே. எனினும் மாலத்தீவும் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் அதில் இல்லை. ஒரு வீட்டைக் கட்டுகிறோம் என்பதற்காக மற்றொன்றைப் பூட்டிவைக்க நியாயம் தென்படவில்லை.

ஆகவே, பயிர்ப் பூச்சி, விதை, வறட்சி, உணவுக் கையிருப்பு ஆகியவற்றில் கூட்டம் கூட்டவும் எச்சரிக்கை வெளியிடவும் பொதுக் காரியதரிசிக்குத் தனி அதிகாரம் வேண்டும். இவற்றுக்கு ஏகமனது விதி பொருந்தாதென்று சாசனத்திலேயே திருத்தம் வேண்டும். அவருடைய எச்சரிக்கை அந்தந்த மாநிலத்து வேளாண்மைத் துறைக்குத் தாமதமின்றி அந்தந்தப் பாஷையில் வந்து சேரவேண்டும். தேசங்களின் தகராறுகளைப் பேசும் உரிமையை அவருக்குக் கொடுக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. அது சர்க்கார்களின் விஷயம். எங்கள் பக்கத்துத் திருச்சுழிச் சட்டமன்றத் தொகுதி ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியிலும், அருப்புக்கோட்டை விருதுநகரிலும் அடங்கியிருப்பதால், இரண்டு தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களுக்கும் இதன் பிரதி அனுப்பப்படுகிறது. படைப்புழு சம்பந்தமாக 2018 முதல் இன்றுவரை காட்மாண்டுவிலிருந்து இந்திய வேளாண்மை அமைச்சகத்துக்கு வந்த தகவல்கள் எவை, அவை மாநிலங்களுக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டன என்பதை அவர்கள் கேள்வி நேரத்தில் கேட்டுப் பெறவேண்டுமென வேண்டிக்கொள்கிறோம்.