கொல்லிமலைப் பாதையும் வர்த்தகர் கவலையும்

பாதை செப்பனிடப்படுவது நன்மையென்பதை மறுப்பார் ஒருவருமிலர். ஆனால் அந்நன்மை வந்தெய்தும் வரையில் கடைக்காரன் எவ்வாறு ஜீவிப்பது என்ற கேள்விக்கு விடை கூறுவோர் சிலரே. சமவெளிப் பட்டணங்களில் ஒரு வீதி அடைபட்டால் மறுவீதி உண்டு. நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையின் நிலைமை வேறு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறும் பாதையும், முள்ளுக்குறிச்சிப் பக்கத்துப் பாதையுமே அம்மலையின் வர்த்தகத்துக்குப் பிரதான வாயில்கள். மலைச்சரிவில் தடுப்புச் சுவர் எழுப்பவோ, பாதையை அகலப்படுத்தவோ நேரிடுங்காலங்களிலெல்லாம் மலைவாசிகளின் சந்தைக்கே தாழ் விழும் அபாயம் உண்டாகின்றது.

அம்மலையின் பயிர்களை மாற்றியதிலும் சாலைக்குப் பெரும்பங்கு உண்டு. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களிற் பெரும்பகுதியில் இன்று மரவள்ளி விளைகின்றது. சேலம், ராசிபுரம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு அக்கிழங்கு லாரியேறிச் செல்வதே இதற்குக் காரணமாம். முன்னர்க் குடியானவன் தன் தானியத்தைக் குதிரில் வைத்துக்கொண்டு பாதை திறக்கும்வரை பொறுத்திருக்கலாம். இப்போதோ கிழங்கைத் தோண்டிய சில நாட்களுக்குள் ஆலையிற் சேர்த்தாக வேண்டும். மிளகும் காபியும் உலர்ந்தபின் காத்திருக்கும் சரக்குகள். பலாவும், அன்னாசியும், வாழையும் காத்திரா. பாதை அடைபட்டால் சமவெளி வியாபாரி வேறொரு சந்தையை நாடிப்போவான். கூடையுடன் நிற்கும் மலைவாசிக்கு வேறு சந்தை ஏது? ஆகவே நஷ்டத்தின் பெரும்பாகம் மிகச் சிறியவன் தலையிலேயே விழுகின்றது.

அறப்பளீசுவரரைத் தரிசிக்கவும், ஆகாயகங்கையில் நீராடவும் வருவோரை நம்பிச் செம்மேட்டிலும் வழிநெடுகிலும் உணவு விடுதிகளும் பழக்கடைகளும் நடைபெறுகின்றன. ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழா நடைபெறும் சமயத்தில் ஜனக்கூட்டம் மிகும். அச்சில நாட்களை இழந்த கடைக்காரனுக்குப் பின்னர்ப் பாதை எவ்வளவு அழகாக அமைந்தாலும் அவ்வாண்டின் இழப்பு ஈடாகாது.

சட்டத்தின் துணை எம்மட்டுண்டு? தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்கப் பார்லிமெண்டு 2014-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. வியாபாரிகளைக் கணக்கெடுத்து முடிக்குமுன் அவர்களை அகற்றலாகாதென்றும், இடம் மாற்றுவதாயின் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்றும் அது விதிக்கின்றது. ஆயினும் அது நகரங்களை மனத்திற்கொண்டு எழுந்த சட்டம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற ஸ்தாபனங்களையே நோக்கியது. கொல்லிமலையோ கிராம ஊராட்சிகளால் ஆளப்படுவது. பட்டணத்துப் பூக்காரிக்குள்ள பாதுகாப்பு மலைப்பாதையோரத்துப் பழக்காரிக்கு இல்லை. இந்நியாயப் பிசகு திருத்தப்பட வேண்டும்.

சென்னைப் பாண்டி பஜாரின் சரித்திரம் இங்கு கவனிக்கற்பாலது. நடைபாதை வியாபாரிகள் 2013-ல் ஒரு மாடிக் கட்டிடத்துக்கு மாற்றப்பட்டனர். வாங்குவோர் மாடியேறி வருவது குறைவென்று அவர்கள் முறையிட்டனர். பின்னர் 2019 நவம்பரில் அவ்வீதி நடப்போர்க்குரிய அகன்ற நடைபாதைகளுடன் திறக்கப்பட்டது. வீதி சிறப்புற்றது உண்மையே. ஆனால் சிறு வியாபாரிக்கு இடமே முதல் என்பதையும், கூரையும் சுவரும் கொடுத்தமாத்திரத்தில் அம்முதல் திரும்ப வராதென்பதையும் அவ்வனுபவம் காட்டிற்று. மதுரை மாசி வீதிகள் திருத்தப்பட்டபொழுதும், வேலை நீடித்ததால் வியாபாரம் குன்றியதென வர்த்தகர் குறைகூறினர்.

ஆகவே, மலையில் பாதை வேலை தொடங்குமுன் மூன்று ஏற்பாடுகள் இன்றியமையாதன. முதலாவது, வேலைத் திட்டத்தையும் பாதை மூடப்படும் நேரங்களையும் கிராம சபையில் வைத்து, பழ அறுவடைக்கும் ஆடி விழாவுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையூறின்றி வகுக்க வேண்டும். இரண்டாவது, ஒரு பாதையில் வேலை நடக்குங்கால் மற்றதைச் செவ்வையாக வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, பாதையோர வியாபாரிகளின் பெயர்களையும் இடங்களையும் முன்னரே பதிந்து, வேலை முடிந்தபின் அவரவர்க்கு இடமளிக்க வேண்டும்.

வர்த்தகர்களுக்கும் கடமையுண்டு. தனித்தனியே மனுக்கொடுப்பதால் பயன் சிறிது. கூட்டுறவு முறையில் ஒன்றுகூடிச் சரக்கைச் சேர்த்து, பாதை திறந்திருக்கும் நேரங்களில் ஒரே லாரியில் இறக்குவார்களாயின் கூலி குறையும். விலை பேசும் வலிமையும் உண்டாகும். கடனுக்குச் சரக்கெடுத்துக் குவிப்பதை அம்மாதங்களில் தவிர்ப்பது விவேகம்.

மலையேறும் பாதை மலைவாசியின் பொருட்டே அமைக்கப்படுகின்றதென்று கூறுகின்றோம். அவ்வாறாயின், அவனைக் கலந்து ஆலோசித்த பின்னரே முதற்கல் பெயர்க்கப்படுதல் முறை. இதைச் சர்க்காரும் ஜில்லா அதிகாரிகளும் மனத்திற்கொள்வார்களென நம்புகின்றோம்.