தாதிக்கு வாய்ப்பூட்டு, தாய்க்கு வாய்க்கரிசி!

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் உலகத்தின் ஏழைத் தாய்மாருக்குத் தை மாதத்திற் பிறப்பது வழியா, வாசலடைப்பா என்பதை நிர்ணயிப்பது வாஷிங்டன் மாநகரின் வெள்ளை மாளிகையில் உள்ள ஒரு காகிதமே. கட்சி மாறி அம்மாளிகைக்குப் புதிய ஜனாதிபதி குடிபுகுந்த சில தினங்களுக்குள் அக்காகிதத்திற் கையொப்பம் விழுகிறது. அங்கே மை உலர்கிறது. எங்கோ ஆபிரிக்காவிலே ஒரு சிகிச்சை நிலையத்தின் கதவு திறக்கிறது, அல்லது மூடுகிறது.

அக்காகிதத்தின் வரலாறு என்ன? 1984 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மெக்சிக்கோ நகரில் ஐக்கிய நாடுகளின் சனத்தொகை மாநாடு கூடியது. ஜனாதிபதி ரீகனின் அரசாங்கம் அங்கே ஒரு கொள்கையைப் பிரகடனஞ் செய்தது. குடும்பத் திட்டத்துக்கென அமெரிக்க உதவி பெறும் அந்நிய நாட்டுத் தொண்டு நிறுவனம் எதுவும், குடும்பத் திட்ட முறையாகக் கருக்கலைப்பைச் செய்யவோ, அதற்கு வழிகாட்டவோ, அதனைச் சட்டபூர்வமாக்கும்படி தன் அரசாங்கத்தைக் கேட்கவோ கூடாது. அமெரிக்கப் பணத்தைக் கொண்டு மட்டும் கூடாதென்பதல்ல. வேறிடத்திலே திரட்டிய தன் சொந்தப் பணத்தைக் கொண்டுங் கூடாது! பலாத்காரத்துக்கும் தாயின் உயிராபத்துக்கும் விலக்குண்டென ஏட்டில் எழுதிவைத்தார்கள். ஆனால் பணம் போய்விடுமோ என்றஞ்சும் தாதி, விலக்கை ஆராய்ந்துகொண்டா இருப்பாள்? வாயை மூடிக்கொள்வாள். இதற்கு வாய்ப்பூட்டு விதி என்று பெயர் விழுந்ததில் வியப்பில்லை.

1993 தையிற் கிளின்டன் இப்பூட்டைக் கழற்றினார். 2001 தையிற் புஷ் மாட்டினார். 2009 தையில் ஒபாமா கழற்றினார். 2017 தையில் ட்ரம்ப் மாட்டினார். மாட்டியதோடு நில்லாமல், குடும்பத் திட்ட உதவிக்கு மட்டும் இருந்த பூட்டை, எச்.ஐ.வி., மலேரியா முதலிய நோய்களுக்கான உலகச் சுகாதார உதவிக்கும் பெருப்பித்தார். 2021 தையிற் பைடன் கழற்றினார். 2025 தையில் ட்ரம்ப் மீண்டும் மாட்டினார். கேட்கிறோம்: ஏழைப் பெண்ணின் உயிர் என்ன, இரு கட்சிகள் மாறி மாறி உதைத்து விளையாடும் பந்தா?

நமக்கு அண்மையிலுள்ள நேபாளத்தைப் பாருங்கள். 2002 ஆம் ஆண்டுவரை அந்நாட்டிற் கருக்கலைப்புக் குற்றம். அதற்காகப் பெண்கள் சிறையிற் கிடந்தார்கள். மறைவிடங்களிற் கருவைக் கலைத்து மாண்டோர் பலர். இக்கொடுமை மாறவேண்டுமென நேபாளக் குடும்பத் திட்டச் சங்கம் குரல் எழுப்பியது. 2001 இல் பூட்டு வந்தது. பேச்சா, பணமா? சங்கம் பேச்சைத் தேர்ந்தது. அமெரிக்கப் பணத்தை இழந்தது. அடுத்த ஆண்டு நேபாளம் தன் சட்டத்தை மாற்றியது. தன் நாட்டுச் சட்டத்தைப் பற்றித் தன் நாட்டவரிடம் பேசியதற்கு அந்நியன் தண்டம் விதிப்பானாயின், அதற்குத் தருமம் என்றா பெயர்? கொடுக்கும் கை வாயையும் பொத்துமானால் அது கொடையன்று, விலை!

“எமது வரிப்பணம் சிசுவதைக்குச் செல்லலாகாது” என்பர் இவ்விதியின் வக்கீல்கள். அவர்களுடைய மனச்சாட்சியை நாம் பழிக்கவில்லை. ஆனால் அமெரிக்க உதவிப் பணத்தை அவ்வாறு செலவிடுவதை 1973 ஆம் ஆண்டின் ஹெல்ம்ஸ் திருத்தமே தடுத்துவிட்டது. ஆகவே, வாய்ப்பூட்டுக் காப்பது வரிப்பணத்தையன்று. சிசுவையேனும் காக்கிறதா? அதுவுமில்லை! சகாராவுக்குத் தெற்கேயுள்ள 26 நாடுகளைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 2019 இல் ‘லான்செட்’ குழுமத்தின் உலகச் சுகாதார வைத்திய ஏட்டில் வெளிவந்தது. புஷ்ஷின் ஆட்சிக் காலத்திலே, அமெரிக்க உதவியைப் பெரிதும் நம்பியிருந்த நாடுகளில், அவ்வளவாக நம்பியிராத நாடுகளோடு ஒப்பிடுகையில், கருக்கலைப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 40 வீதம் கூடியது. நவீன கருத்தடை முறைகளின் உபயோகம் 14 வீதம் குறைந்தது என்பதே அதன் முடிவு. இதில் மாயமொன்றுமில்லை. பூட்டை ஏற்க மறுத்த நிலையமே கருத்தடைச் சாதனமும் வழங்கிய நிலையம். நிலையம் மூடினால் சாதனம் நிற்கும். சாதனம் நின்றால் வேண்டாக் கரு தரிக்கும். வேண்டாக் கரு தரித்தவள் இருட்டறையை நாடுவாள். கருக்கலைப்பைப் பாவமென்று மெய்யாகவே நம்புகிறவர் எவரோ, அவரே இவ்விதியை முதலில் எதிர்க்கக் கடமைப்பட்டவர்.

2001 க்குப் பின் கென்யாவின் குடும்பத் திட்டச் சங்கம், நைரோபிச் சேரி மக்களுக்குச் சேவை செய்த நிலையம் உட்படச் சில சிகிச்சை நிலையங்களை மூட நேர்ந்தது. வயது வந்தோரில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகியிருந்த லெசொத்தோ நாட்டின் சங்கத்துக்கு அமெரிக்க ஆணுறை வருவதே நின்றது. வாய்க்குப் பூட்டுப் போட்டவர்கள் 2025 இல் கடையையே பூட்டினார்கள். யூஎஸ்எயிட் என்ற உதவி நிறுவனம் அவ்வாண்டு மூடப்பட்டது. 2023 ஆம் ஆண்டிற் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் உலகில் மாண்ட பெண்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 60 ஆயிரம். அவருள் நூற்றுக்கு 70 வீதமானோர் சகாராவுக்குத் தெற்கே வாழ்ந்தவர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாஷிங்டனில் வாக்கில்லாத தாய்மார் இவர்கள். இவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பணக்கார நாடே தாயைக் காக்கவல்லது என்பார்க்கு நம் இலங்கையே மறுமொழி. 1926 இல் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு தொடங்கியது; மருத்துவமாது கிராமத்துப் படலை தேடிச் சென்றாள். 1940களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் பிள்ளைப்பேறுகளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரைப் பலிகொடுத்த இந்நாடு, இன்று அத்தொகையை நாற்பதுக்குங் கீழே கொண்டுவந்துவிட்டது. செல்வத்தாலன்று, இலவச வைத்தியத்தாலும் வீடு தேடி வந்த அப்பெண்ணாலும்!

ஆயினும் நம் கையும் சுத்தமன்று. மலையகத் தோட்டங்களிலே சுகாதாரம் நெடுங்காலம் துரைமாரின் தயவில் விடப்பட்டது. 1948, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் குடியுரிமையும் வாக்கும் இழந்த மக்களின் பெண்களுக்கு அரசாங்கச் சேவை பிந்தியே எட்டியது. வாக்கில்லாதவளுக்கு வைத்தியமும் கடைசி என்பதை அறிய நாம் ஆபிரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. விக்ரோரியா மகாராணி காலத்து 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை இன்றும் அனுமதிக்கவில்லை; பலாத்காரத்துக்காளான சிறுமிக்கும் விலக்கில்லை. அந்நியன் போட்ட பூட்டை அந்நியன் போனபின்னும் காத்துநிற்கும் நமக்கு, வாஷிங்டனை மட்டும் ஏச யோக்கியதை உண்டா?

ஆகவே, நாம் கோருவன இரண்டு. ஏழை நாடுகள் தம் தாய்மாரின் உயிரை அந்நியன் தேர்தலிற் பணயம் வையாது, தம் வரவுசெலவுத் திட்டத்திலே முதலிடத்தில் வைக்கட்டும். நம் பாராளுமன்றம் 1883 ஆம் ஆண்டின் ஏட்டைத் திறந்து, அச்சிறுமியின் முகத்தை ஒருமுறை பார்க்கட்டும். பூட்டிய வாயால் எந்தத் தாயும் பிழைத்ததில்லை. அவளுக்கு மிஞ்சுவது வாய்க்கரிசியே!