கொழும்பு நேரமா, வன்னி நேரமா?

இலங்கை அரசின் கணக்குப்படி 1996 மே 25 அன்று நள்ளிரவு 12.30 மணி என்ற ஒன்றே கிடையாது. மின்வெட்டு வாட்டிய நேரம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, 12 அடித்ததும் கடிகாரங்களை 1 மணிக்குத் தள்ளிவைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 26-ல் அரை மணி பின்னுக்கு. 2006 ஏப்ரல் 15-ல் இன்னும் அரை மணி குறைத்து, பழையபடி இந்திய நேரத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

கம்ப்யூட்டருக்கு இது தலைவலி. 2006 ஏப்ரல் 14 இரவு 10 மணிக்கு வேலைக்கு வந்து மறுநாள் காலை 6-க்குக் கிளம்பிய கொழும்புக் காவலாளி எவ்வளவு நேரம் விழித்திருந்தார்? கழித்துப் பார்த்தால் 8 மணி நேரம். நிஜத்தில் எட்டரை. அரை மணிக் கூலி போச்சு! அதனால் விவரம் தெரிந்த புரோகிராமர்கள் உள்ளூர் நேரத்தை அப்படியே கழிப்பதில்லை. இரண்டையும் சர்வதேசப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் கழிக்கிறார்கள். எந்த ஊர் எந்தத் தேதியில் எவ்வளவு முன்னே என்று சொல்ல ஓர் அட்டவணை உண்டு. அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிவைத்தது. ஆண்ட்ராய்டு போன்கள்கூட அதைத்தான் நம்புகின்றன. இலங்கை முழுமைக்கும் அதில் ஒரே பெயர்: கொழும்பு.

சிக்கல் அங்கேதான். விடுதலைப் புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவேயில்லை. அவர்களது கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. 2000-ல் கிளிநொச்சியில் காலை 6 மணிக்குப் பிறந்த குழந்தை இன்று டொரான்டோவில் கல்யாண வயதில் இருக்கலாம். ஜாதகம் கணிக்கும் சாஃப்ட்வேர், பொது நேரம் காண ஐந்தரை மணி கழிப்பதற்குப் பதில் ஆறு மணி கழிக்கும். ஒரு ராசி உதயமாகச் சுமார் 2 மணி நேரம். அரை மணி பிசகினால், ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு லக்னமே மாறிவிடும். அட்டவணையில் தப்பில்லை, புரோகிராமிலும் தப்பில்லை; ஆனாலும் விடை தப்பு.

இந்திய ஜோசியர்களுக்கு இதில் ஓரளவு பழக்கம் உண்டு. உலகப் போரின்போது, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் பாதிவரை இங்கும் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடியது. அந்த நாள் பிறப்புக்கு ஒரு மணியைக் கழித்தால் தீர்ந்தது. வன்னிப் பிறப்புக்குத் தேதியும் ஊரும் போதாது. கிளிநொச்சியே 1996-ல் ராணுவத்திடம் போய், 1998-ல் புலிகளிடம் திரும்பிய ஊர். அன்றைக்கு ஊர் யார் கையில் இருந்தது, நேரம் குறித்தவர் பார்த்த கடிகாரம் எது? சாஃப்ட்வேர் திரையில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. குழந்தையின் பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.