உண்ணிக் காய்ச்சலும் ஒரு தாயின் குறிப்பேடும்

அமெரிக்காவில் லைம் என்னும் சிற்றூரில் பாலி மர்ரே என்றொரு தாய் வாழ்ந்தார். தம் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் மூட்டு வீங்கி வலித்ததையெல்லாம் குறித்து வைத்தார். மருத்துவர் பலர் நம்பவில்லை; அவர் விடவுமில்லை. 1975-இல் அவர் சுகாதாரத் துறையிடம் முறையிட்ட பிறகே ஆராய்ச்சி தொடங்கிற்று. உண்ணி கடித்து வரும் அந்நோய்க்கு அவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் நாம் அஞ்ச வேண்டியது வேறொரு காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றிப் புதருக்கா பஞ்சம்?

எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் விறகு பொறுக்கப் போய்வந்து பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார். டைபாய்டு என்றார்கள். பாவாடை நாடா இறுகும் இடத்தில், நெருப்புச் சுட்டாற் போன்ற கரும்புண் இருந்தது. கூச்சத்தால் அவர் காட்டவில்லை, எவரும் கேட்கவுமில்லை. ஒரு நர்ஸ் அக்காள் கண்ணில் பட்டதால் பிழைத்தார்.

பெனிசிலின் இக்கிருமியை அசைக்காது. விலை மலிவான டாக்சிசைக்ளின் கேட்கும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் கெடும். நோய் முற்றியவர்களுக்கு அத்துடன் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. ஆராய்ச்சி அண்டையிலேயே நடக்கிறது. கேட்கத்தான் நமக்கு வாயில்லை.

ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலென்றால் இந்தச் சோதனையையும் செய்யுமாறு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்போம். எங்கள் வகுப்பிலும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம்: காய்ச்சல் கண்ட தேதி, புதர்ப்பக்கம் போனதுண்டா, உடம்பில் கரும்புண் உண்டா. மூன்றாவது கேள்விக்கு மட்டும் அம்மாமார் இன்னும் பதில் சொல்லத் தயங்குகிறார்கள்.