கப்பலை விடுங்கள், கணக்கைப் பாருங்கள்

அலாஸ்காவுக்குக் கப்பலில் போக நினைக்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, 'எந்தக் கப்பல் பெஸ்ட்?' இரண்டாவது கேள்வி, 'சாப்பாடு எப்படி?' மூன்றாவது, 'பால்கனி ரூம் எடுக்கணுமா, உள் ரூமே போதுமா?' அலாஸ்காவைப் பற்றி ஒரு கேள்வி வருவதற்குள் முன்பணம் கட்டியாகிவிடும்.

பிள்ளை சியாட்டிலில் வேலை பார்க்கிறார், கோடையில் அப்பா அம்மா வந்து தங்கியிருக்கிறார்கள், எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்றால் இப்போது நம் வீடுகளிலும் இந்தப் பேச்சுதான். ஏழு ராத்திரி, ஏழெட்டு நிறுவனம், ஆளுக்கொரு விலை. ஒப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கத்தரிக்காயையே முறித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

என் கட்சி இதுதான். அலாஸ்கா கப்பல்களை ஒப்பிடும் பட்டியல்களில் இருக்க வேண்டிய வரிகள் இல்லை. இருக்கிற வரிகளில் பாதி தேவையில்லை. இது தற்செயல் என்று நீங்கள் நம்பினால் உங்கள் நல்ல மனசுக்கு ஒரு கும்பிடு.

முதலில் பெயர்கள். கார்னிவலா, பிரின்சஸா, ஹாலந்து அமெரிக்காவா என்று ராத்திரி பூராவும் மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். மூன்றுக்கும் முதலாளி ஒருவர்தான், கார்னிவல் கார்ப்பரேஷன். குனார்டும் சீபோர்னும்கூட அவர்களுடையதுதான். ராயல் கரீபியன், செலிபிரிட்டி, சில்வர்சீ மூன்றும் இன்னொரு குடும்பம். நார்வேஜியன், ஓஷியானியா, ரீஜென்ட் மூன்றாவது குடும்பம். டிஸ்னி, வைக்கிங் மாதிரி சில வீடுகள் தனியாக இருக்கின்றன. மற்றபடி கடையில் நீங்கள் பார்ப்பது இட்லி, தோசை, ஊத்தப்பம். மாவு மூன்றே மூன்று பானையில் இருக்கிறது.

அடுத்தது கப்பலுக்குள் இருக்கும் வித்தைகள். நார்வேஜியன் பிளிஸ் கப்பலின் மேல்தளத்தில் கோ-கார்ட் ரேஸ் ஓட்டலாம். ஓவேஷன் ஆஃப் த சீஸ் கப்பலில் காற்றுக் குழாய்க்குள் மிதந்து விமானத்திலிருந்து குதித்தது போல நடிக்கலாம். நாலாயிரம் பேர் போகிற கப்பல்கள். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான இன்ஜினீயரிங். ஆனால் ஐயா, வெளியே உலகத்தின் மிக அழகான கடற்கரைகளில் ஒன்று நகர்ந்து போய்க்கொண்டிருக்கும்போது கார் ஓட்டுவதற்கு அலாஸ்கா வரை எதற்குப் போக வேண்டும்? ஈ.சி.ஆர். ரோட்டில் ஓட்டலாமே.

பனியாறுக்கு வருவோம். எல்லாரும் அதற்காகத்தானே போகிறார்கள். க்ளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு பெரிய சொகுசுக் கப்பல்களுக்குத்தான் அனுமதி. யார் போகலாம் என்பது பூங்கா நிர்வாகம் போடும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ், நார்வேஜியன் கப்பல்கள் அங்கே வழக்கமாகப் போகின்றன. உள்ளே நுழைந்ததும் பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி நாள் முழுக்க விளக்கம் சொல்கிறார்கள். யாரும் இறங்க முடியாது, பார்க்கலாம். அதுவே போதும்.

மற்ற கப்பல்கள் ஹப்பார்ட் பனியாற்றுக்கோ, என்டிகாட் ஆர்ம் மாதிரியான குறுகிய கடல் கால்வாய்களுக்கோ போகும். அவையும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே நீலநிறப் படம். எந்தப் பனியாறு, எத்தனை மணி நேரம் என்பது பொடி எழுத்தில் இருக்கும். இருபது ரெஸ்டாரன்ட் பெயர்கள் கொட்டை எழுத்தில் இருக்கும்.

பாதையும் அப்படித்தான். வான்கூவரில் கிளம்பினால் தீவுகளுக்கு நடுவே, இரண்டு பக்கமும் மலை தெரிய, அமைதியான நீரில் போகிற வாய்ப்பு அதிகம். சியாட்டிலில் கிளம்பும் பெரிய கப்பல்கள் பல, வான்கூவர் தீவுக்கு வெளிப்பக்கமாகத் திறந்த கடலில் போகின்றன. அங்கே தெரிவது தண்ணீர். அதை மெரினாவில் நின்றே பார்க்கலாம். சியாட்டிலில் ஏறுவது சவுகரியம் என்பதற்காக ஒரு நாள் காட்சியை விட்டுக்கொடுக்கிறோம் என்று டிக்கெட் விற்பவர் சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

சியாட்டில் பயணத்தில் இன்னொரு வேடிக்கை. கடைசி நாளில் கனடாவின் விக்டோரியாவில் கப்பல் நிற்கும். பெரும்பாலும் சாயங்காலம், சில மணி நேரம். புகழ்பெற்ற புச்சார்ட் தோட்டத்தை இருட்டுவதற்குள் ஓடிப் பார்த்துவிட்டு வரலாம். ஏன் இந்த அவசர தரிசனம்? அமெரிக்காவில் 1886-ல் போட்ட ஒரு சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், நடுவில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. ஆக, விக்டோரியா ஒரு முத்திரைக் குத்து. கோவிட் காலத்தில் கனடா துறைமுகங்களை மூடியபோது, 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகமாக விதிவிலக்கு கொடுத்தது. கப்பல்கள் கனடா பக்கம் திரும்பாமலே ஓடின.

சரி, கம்பெனிகளின் தலைமை அலுவலகம் மயாமியில். பயணிகள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். பார்க்கப் போகிற இடமும் அமெரிக்கா. பிறகு கொடி மட்டும் ஏன் பஹாமாஸ், பெர்முடா, பனாமா?

இங்கேதான் பி.காம். படித்தவனுக்குக் கை அரிக்கிறது.

கொடி வெளிநாடு என்றால், வேலை செய்கிறவருக்கு அமெரிக்கச் சம்பளச் சட்டம் பொருந்தாது. நிறுவனத்தை வெளிநாட்டில் பதிந்துகொண்டால், கப்பல் வருமானத்தில் பெரும்பகுதிக்கு அமெரிக்க வருமான வரி கிடையாது. ராயல் கரீபியன் பதிவானது லைபீரியாவில். நார்வேஜியன் பெர்முடாவில். கார்னிவல் பல பத்தாண்டுகளாகப் பனாமாவில் பதிவாகி வளர்ந்தது. எல்லாம் சட்டப்படி, சுத்தமாக. அமெரிக்கக் கொடியோடு ஓடுகிற பெரிய சொகுசுக் கப்பல் இன்று ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஹவாயில்.

உங்கள் அறையைத் தினம் சுத்தம் செய்து, துண்டை யானை மாதிரி மடித்து வைத்துவிட்டுப் போகிறாரே, அவர் பெரும்பாலும் ஃபிலிப்பைன்ஸ், இந்தோனேசியா அல்லது நம் நாட்டுக்காரர். 2006-ம் வருடத்துக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அனுமதிக்கும் கணக்கு ஒன்று உண்டு. வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு கொடுத்தால் போதும். வாரத்துக்கு 168 மணி நேரம். கழித்துப் பாருங்கள், 91. பல மாதக் காண்டிராக்ட் முடியும் வரை ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை அவருக்குக் கிடையாது. பெரிய கப்பல்கள் பலவற்றில் தலைக்குத் தினம் 16 டாலருக்கு மேல் 'சேவைக் கட்டணம்' என்று உங்கள் பில்லில் தானாக ஏறுகிறது, தெரியுமா? முதலாளி கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பங்கை நீங்கள் கொடுக்கிறீர்கள், டிப்ஸ் என்ற பெயரில். டிக்கெட் விலை குறைவாகத் தெரிவதன் ரகசியங்களில் இதுவும் ஒன்று.

இனி ஊர்க் கணக்கு. ஜூனோ, அலாஸ்காவின் தலைநகர். வெளியூருக்குப் போக ரோடு கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். மக்கள்தொகை சுமார் 32,000. 2023-ல் சொகுசுக் கப்பல்களில் வந்து இறங்கியவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். ஒரு உள்ளூர்க்காரருக்கு ஐம்பது விருந்தாளி. உங்கள் தெருவில் நடந்தால் எப்படி இருக்கும்? ஸ்காக்வே இன்னும் சின்ன ஊர், ஆயிரத்துச் சொச்சம் பேர். கப்பல் வரும் நாளில் அங்கே ஊர் எங்கே, கூட்டம் எங்கே என்று தேட வேண்டும். கப்பல் துறையை ஒட்டி வரிசையாக நகைக் கடைகள். பனியாறு பார்க்கப் போனவர்கள் வைரத் தோட்டோடு திரும்புகிறார்கள். சீசன் முடிந்ததும் அவற்றில் பல கதவைச் சாத்திவிடும்.

ஊர்க்காரர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 2006-ல் அலாஸ்கா மக்கள் வாக்கெடுப்பில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பயணி ஒருவருக்கு 46 டாலர் வரி. கூடவே 4 டாலர் தனியாக. அந்தப் பணத்தில் கப்பலுக்குள்ளேயே ஓர் இன்ஜினீயர் பயணம் செய்து கழிவுநீரை எப்படிக் கையாள்கிறார்கள் என்று கண்காணிப்பார். 'ஓஷன் ரேஞ்சர்' என்று பெயர். கம்பெனிகள் 2009-ல் கோர்ட்டுக்குப் போயின. 2010-ல் வரி 34 டாலர் 50 சென்ட்டாக இறங்கியது. 2019-ல் ஆளுநர் ஓஷன் ரேஞ்சர் திட்டத்துக்கான நிதியை வெட்டினார். மக்கள் வாக்குப் போட்டுக் கொண்டுவந்த காவல்காரர் பேனாவின் ஒரு கோட்டில் வீட்டுக்குப் போனார்.

ஜூனோ நகராட்சி தனியாக வசூலித்த பயணிக் கட்டணத்தில் கடலோர நடைபாதையும் திமிங்கலச் சிலையோடு ஒரு பூங்காவும் கட்டியது. அதை எதிர்த்து 2016-ல் கப்பல் கம்பெனிகளின் சங்கம் வழக்குப் போட்டது. கப்பலுக்குப் பயன்படாத காரியத்துக்கு எங்கள் பயணிகளின் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்பது வாதம். கேஸ் 2019-ல் சமரசமாக முடிந்தது. பதினாறு லட்சம் பேர் நடக்கிற ஊரில் நடைபாதைக்கு வழக்கு!

காவல்காரர் எதற்கு என்று கேட்பீர்கள். 1999-ல் ராயல் கரீபியன், அலாஸ்கா உட்படப் பல இடங்களில் எண்ணெய்க் கழிவையும் ரசாயனத்தையும் கொட்டிய குற்றத்தை ஒப்புக்கொண்டு 1 கோடியே 80 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2016-ல் பிரின்சஸ், வேறு கடல்களில் ரகசியக் குழாய் போட்டு எண்ணெய்க் கழிவைக் கொட்டி மறைத்ததற்காக 4 கோடி டாலர். அந்த வழக்கின் நன்னடத்தை நிபந்தனைகளை மீறியதற்காக 2019-ல் கார்னிவல் மேலும் 2 கோடி டாலர். நல்லது நடக்கவே இல்லை என்று சொல்லவில்லை. கரையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு கப்பலின் புகையை நிறுத்தும் முறை, சொகுசுக் கப்பல்களுக்கு உலகிலேயே முதலில் வந்தது ஜூனோவில்தான். 2001-ல், பிரின்சஸ் கப்பல்களுக்காக. நல்லதும் கெட்டதும் ஒரே கம்பெனியின் பேரேட்டில் இருக்கின்றன. ஒப்பீட்டுப் பட்டியலில் இரண்டுமே இல்லை. பஃபேயில் இறால் உண்டா என்பது இருக்கிறது.

ஊர்க்காரர்களே கப்பல் வேண்டும் என்கிறார்களே, உனக்கென்ன என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. சனிக்கிழமைகளில் பெரிய கப்பல் வேண்டாம் என்ற தீர்மானம் 2024 அக்டோபரில் ஜூனோவில் தோற்றது. வருடத்துக்கு இத்தனை பயணிதான் என்று வரம்பு கேட்ட தீர்மானம் 2025 மே மாதம் சிட்காவில் தோற்றது. வயிற்றுப்பாடு. 2020-ல் ஒரு சீசன் முழுக்கக் கப்பலே வராமல் போய், அந்த ஊர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதே ஜூனோதான் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் கூடாது என்று 2024 சீசனிலிருந்து கம்பெனிகளை ஒப்புக்கொள்ள வைத்தது. 2026 முதல் நாளொன்றுக்கு 16,000 படுக்கை, சனிக்கிழமை 12,000 என்றும் ஒப்பந்தம் போட்டது. அவர்கள் கேட்பது, வா, ஆனால் அளவோடு வா. வீட்டுக்காரர் அளவு சொல்கிறார் என்றால் விருந்தாளிக்கு அதைக் காதில் வாங்கிக்கொள்ளும் கடமை உண்டா, இல்லையா?

ஆகவே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். பட்டியலை மட்டும் மாற்றி எழுதுங்கள்.

எந்தப் பனியாறு, எத்தனை மணி நேரம்? எந்தப் பக்கமாகப் போகிறது, உள்வழியா வெளிக்கடலா? ஒவ்வொரு ஊரிலும் பகலில் எத்தனை மணி நேரம் நிற்கிறது? அன்றைக்கு அதே ஊரில் வேறு எத்தனை கப்பல்? இந்த அட்டவணை சீசனுக்கு முன்பே வெளியாகிவிடுகிறது. ஐந்து கப்பல் நிற்கும் நாளை விட்டு இரண்டு கப்பல் நிற்கும் நாளைப் பிடித்தால், பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணத்தைவிட அதிக சுகம் கிடைக்கும். கப்பலில் எத்தனை பேர்? இரண்டாயிரமா, நாலாயிரமா? இறங்கவும் ஏறவும் அந்த வரிசையில் நிற்கப் போவது நீங்கள்தான்.

இறங்கியபின் சுற்றிக்காட்ட உள்ளூர் ஆளைப் பிடியுங்கள். கப்பலின் கவுன்டரில் வாங்கினால் கம்பெனிக்கு ஒரு பங்கு போன பிறகுதான் ஊருக்கு. ஒன்று மட்டும் ஜாக்கிரதை. சொந்த ஏற்பாட்டில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு திரும்புங்கள்.

முடிந்தால் ஹூனா ஊரின் ஐசி ஸ்ட்ரெயிட் பாயின்டில் நிற்கும் பயணத்தைப் பாருங்கள். 2004-லிருந்து கப்பல்களை வரவேற்கும் அந்த இடம், ஹூனா டோட்டெம் என்ற பழங்குடியினரின் நிறுவனத்துக்குச் சொந்தம். க்ளேசியர் பேதான் அந்த ட்லிங்கிட் மக்களின் பூர்வீகம். 18-ம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவர்களை அங்கிருந்து விரட்டியது. நீங்கள் பால்கனியில் நின்று படம் எடுக்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவர்கள் வீடு இருந்தது.

வசதி வேண்டாம், ஊர்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு அலாஸ்கா அரசின் படகுச் சேவை இருக்கிறது. 1963-லிருந்து ஓடுகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் ஏறலாம். மேல்தளத்தில் கூடாரம் அடித்துப் படுக்கிறவர்கள் உண்டு. காற்றில் பறக்காமல் இருக்க டேப் போட்டு ஒட்டிக்கொள்கிறார்கள். மீன் பிடிக்கிறவரும் பள்ளிக்கூட வாத்தியாரும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். கோ-கார்ட் கிடையாது.

இத்தனையும் பார்த்த பிறகு, மிச்சம் நேரம் இருந்தால், சாப்பாட்டைப் பற்றி விசாரியுங்கள். வெஜிடேரியன் எல்லாக் கப்பலிலும் கிடைக்கும்.