'டெட்' பாஸ் பண்ணாவிட்டால் வேலை போகுமா? கரிசல் காட்டுப் பள்ளிகளை உலுக்கும் தீர்ப்பு

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி ஏதாவது ஒரு கரிசல் கிராமத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. சற்றுத் தள்ளி, அரசு உதவி பெறும் மிஷன் பள்ளி ஒன்று. தூத்துக்குடி மாவட்டத்தில் இப்படி அரசுப் பள்ளியும் மிஷன் பள்ளியும் அக்கம்பக்கமாக இருப்பது புதிதில்லை. இரண்டிலும் ஒரே பாடப்புத்தகம், ஒரே ஊர்ப் பிள்ளைகள். இரண்டிலும் 20 வருடமாகப் பாடம் நடத்தும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஆனால் 2025 செப்டம்பர் 1-க்குப் பிறகு இந்த இரண்டு டீச்சர்களின் நிலைமை ஒன்றல்ல. முதலாமவர் பரீட்சை எழுதித் தேற வேண்டும், தவறினால் வேலையை விட வேண்டும். இரண்டாமவருக்கு இப்போதைக்கு அந்தக் கவலை இல்லை.

காரணம், அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மசி அமர்வு கொடுத்த தீர்ப்பு.

தீர்ப்பு சொன்னது என்ன?

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் எல்லோருக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது 'டெட்', கட்டாயம். புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டுமில்லை, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும்தான். ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள், அதாவது 2027 செப்டம்பருக்குள் தேற வேண்டும். இல்லையென்றால் கட்டாய ஓய்வு. ஐந்து ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் டெட் இல்லாமலே வேலையை முடித்துக்கொள்ளலாம், பதவி உயர்வு மட்டும் கேட்க முடியாது. அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தித்தான் இந்தச் சலுகையையே கொடுத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. அப்படியானால் தீர்ப்பு வந்த நாளில் 55 வயதைத் தாண்டியவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் கைடு வாங்க வேண்டியதுதான். மாநிலத்தில் சுமார் 1.76 லட்சம் ஆசிரியர்கள் இந்தக் கணக்குக்குள் வருகிறார்கள்.

பழைய ஆசிரியர்களுக்கு விலக்கு இருந்ததே?

இருந்தது. சர்ச்சையின் வேரே அதுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 23-வது பிரிவின்படி, குறைந்தபட்சத் தகுதி என்ன என்பதைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் முடிவுசெய்யும். அந்தக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23-ல் வெளியிட்ட அறிவிக்கையில்தான் டெட் முதன்முதலாக வந்தது. முந்தைய விதிகளின்படி அதற்கு முன்பே வேலைக்கு வந்தவர்கள் புதிய தகுதியைப் பெறத் தேவையில்லை என்று அதே அறிவிக்கையில் இருந்தது. பதினைந்து வருடமாக எல்லோரும் நம்பியிருந்தது இதைத்தான். 2023 ஜூன் 2-ல் சென்னை உயர் நீதிமன்றமும் கிட்டத்தட்ட அப்படியே சொன்னது: 2011 ஜூலை 29-க்கு முன் நியமிக்கப்பட்டவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வுக்கு மட்டும் டெட் தேவை.

உச்ச நீதிமன்றம் வேறு பக்கம் பார்த்தது. 2017-ல் நாடாளுமன்றம் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, 2015 மார்ச் 31 அன்று பணியில் இருந்து, தகுதி இல்லாதவர்கள் எல்லோரும் நான்கு ஆண்டுக்குள் அதைப் பெற வேண்டும் என்றது. கெடு 2019 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. அறிவிக்கையை விடச் சட்டம் பெரிது, 'எல்லோரும்' என்றால் எல்லோரும்தான் என்பது நீதிமன்றத்தின் வாதம். சட்டப்படி இதை எளிதில் தட்டிவிட முடியாது. ஆனால் அந்த நான்கு வருடத்தில் 'நீங்களும் எழுதணும்' என்று பழைய ஆசிரியர்களிடம் மாநில அரசு கறாராகச் சொல்லவே இல்லை.

தேர்வையாவது ஒழுங்காக நடத்தினார்களா? வருடத்துக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும் என்பது தேசியக் குழுமத்தின் வழிகாட்டுதல். தமிழ்நாட்டில் 2013-க்குப் பிறகு அடுத்த தேர்வு 2017-ல்தான் வந்தது. பிறகு 2019, 2022, 2025. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரீட்சை வைத்துவிட்டு இரண்டு வருடத்துக்குள் தேறு என்றால் எப்படி?

கஷ்டமான பரீட்சையா?

2012 ஜூலையில் முதல் டெட் நடந்தபோது ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் இரண்டரை ஆயிரம் பேர்கூட இல்லை. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தது அப்போதே சர்ச்சையாகி, அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கித் துணைத் தேர்வு வைத்தார்கள். அந்த பயம் இன்னும் போகவில்லை.

இரண்டாம் தாளின் அமைப்பைப் பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரியும். ஆறு முதல் எட்டு வரை நடத்துபவர்களுக்கான தாள் இது. குழந்தை உளவியல் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 மதிப்பெண் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். இதில் தமிழாசிரியரின் நிலையை யோசித்துப் பாருங்கள். இருபது வருடம் தமிழ் மட்டுமே நடத்தியவருக்கு அவருடைய பாடத்தில் வெறும் 30 கேள்வி. வரலாறு, புவியியலில் 60. கணக்கு சார் விலங்கியல் படிக்க வேண்டும். இப்போதுதான் பி.எட். முடித்தவருக்கு இது சரியான வடிகட்டி. அனுபவமுள்ள ஒருவர் வகுப்பறையில் எப்படி என்பதை இந்தத் தாள் அளக்குமா என்பது சந்தேகம்தான். ஆசிரியர் உரிமத்தை அவ்வப்போது புதுப்பிக்கச் சொல்லும் அமெரிக்க மாநிலங்கள்கூடப் பெரும்பாலும் பயிற்சி நேரத்தைத்தான் கணக்குப் பார்க்கின்றன.

2003-க்குப் பிறகு தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்களுக்கு வலி இரட்டிப்பு. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000. 2006 ஜூனில்தான் காலமுறை ஊதியம் கிடைத்தது. 2003 ஏப்ரலுக்குப் பின் வந்தவர்கள் என்பதால் இவர்கள் சேர்க்கப்பட்டதும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில்தான். கட்டாய ஓய்வில் போனாலும் பணப்பலன்கள் உண்டு என்கிறது தீர்ப்பு. ஐம்பது வயதில், பிள்ளைகள் காலேஜில் இருக்கும்போது, அது எத்தனை நாளைக்குக் காணும்?

கிராமத்துப் பள்ளிக்கு என்ன ஆகும்?

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். மானாவாரியை நம்பி வாழும் கரிசல் ஊர்களில் பல பள்ளிகள் இந்த ரகம். இரண்டு பேர்தான் ஐந்து வகுப்பையும் நடத்தி, எமிஸ் பதிவுகளையும் பார்க்க வேண்டும். ஒருவர் படிப்புக்காக லீவு போட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். 2025 நவம்பர் 15, 16-ல் டெட் நடந்தபோது வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தமும் உச்சத்தில் இருந்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலராக வீடு வீடாகப் படிவம் கொடுத்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவர்களும் உண்டு.

தமிழ்நாடு அரசு மறுஆய்வு மனு தாக்கல் செய்தது. சட்டத்தைத் திருத்தக் கோரி முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பணியில் இருப்பவர்களுக்காக 2026-ல் சிறப்பு டெட் தேர்வுகள் நடத்தவும் அரசாணை வந்தது. எந்தக் கதவு திறந்தாலும் லாபம் என்று எல்லாக் கதவையும் தட்டியிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரே நிற்கும் கூட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது: 2013-லேயே டெட் தேறி, இன்னும் வேலைக்குக் காத்திருப்பவர்கள். டெட் தேறினாலும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-ல் வந்த அரசாணை 149 இவர்களை மறுபடி வரிசையின் கடைசிக்குத் தள்ளியது. அந்த வழியில் இடைநிலை ஆசிரியர் தேர்வு நடந்தது 2024 ஜூலையில்தான். 'எங்களுக்கு மட்டும் ரெண்டு பரீட்சை, அவங்களுக்கு ஒண்ணுகூட வேண்டாமா?' என்று இவர்கள் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது.

சரி, அந்த மிஷன் பள்ளி?

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு 'பிரமதி' வழக்கில் தீர்ப்பளித்தது. உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் அப்படித்தான். சி.எஸ்.ஐ. திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. பள்ளிகள் போன்றவை இந்தக் குடைக்குள் வருபவை. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று இப்போதைய அமர்வே சந்தேகம் கிளப்பி, கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு அமைப்பது பற்றி முடிவெடுக்கத் தலைமை நீதிபதிக்கு அனுப்பிவிட்டது. அதேசமயம், சமுதாய உறவின்முறைகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் சிறுபான்மைப் பள்ளிகள் அல்ல. அங்கே இருப்பவர்கள் அரசுப் பள்ளி டீச்சர்களைப் போலவே 2027 செப்டம்பரை எண்ண வேண்டியவர்கள். அந்தப் பெரிய அமர்வின் முடிவு மாறினால், மிஷன் பள்ளி டீச்சரும் கைடு வாங்கக் கோவில்பட்டிக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும்.