மீட்டர் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

முதல் வேலை கிடைத்ததும் பழைய மைவி ஒன்றை வாங்க நினைக்கும் நம் இளைஞர்கள் முதலில் பார்ப்பது மீட்டரைத்தான். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் வேண்டாம் என்று திரும்பிவிடுகிறார்கள். குறைந்த எண்ணைக் கண்டால் உடனே முன்பணம் கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு.

அந்த எண்ணைக் காரின் வயதால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 15,000 முதல் 20,000 கிலோமீட்டர் என்பது பொதுவான கணக்கு. எட்டு ஆண்டுக் கார் 140,000 ஓடியிருந்தால் வியப்பில்லை. அதே கார் 45,000 மட்டுமே காட்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும். மீட்டரைத் திருத்திவிடலாம், தேய்ந்த பிரேக் மிதியும் வழுவழுத்துப்போன ஸ்டியரிங்கும் உண்மையைச் சொல்லிவிடும்.

நெடுஞ்சாலையில் சீராக ஓடிய காரைவிட, நகர நெரிசலில் நின்று நின்று ஓடிய கார் அதிகம் தேயும். ஆகவே, எஞ்சின் எண்ணெயும் கியர் எண்ணெயும் எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றப்பட்டன என்று சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். புத்தகம் இல்லையென்றால், தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

பல வீடுகளில் கார் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது அப்பாதான். அவருக்காகவாவது அவசரப்படாதீர்கள்.